கருங்குன்றுகளுக்கான பணத்தை லகோட்டாக்கள் ஏன் இன்னும் வாங்கவில்லை?

தென்றல்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு தெற்கு டகோட்டாவில் கருங்குன்றுகள் (Black Hills) பகுதியில் இருக்கும் ரஷ்மோர் மலை பார்க்கப் போனோம். நான்கு ஜனாதிபதிகளின் முகங்களையும் பார்த்தோம், படம் எடுத்தோம். அதற்கு மேல் அங்கே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் சாலையோரம் மேசை போட்டு மணிமாலை விற்றுக்கொண்டிருந்த ஒரு லகோட்டா அம்மாவிடம் நின்றோம். லகோட்டாக்கள் அந்தப் பகுதியின் பூர்வகுடிகள். என் அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்காமல் இருக்க மாட்டார். இங்கேயும் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா சொன்னார்: "எங்களுடையது. அதற்கு அரசு பணம் ஒதுக்கி வைத்திருக்கிறது, நாங்கள் தொடவில்லை. விற்றிருந்தால்தானே பணம் வாங்க வேண்டும்."

அப்பா வண்டியில் ஏறிய பிறகும் அதையே பேசிக்கொண்டு வந்தார். நான் தேடிப் பார்த்ததில் 1980இல் இந்தக் குன்றுகளுக்கான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பு சொல்லியிருக்கிறது என்று தெரிந்தது. தொகை வட்டியோடு சேர்ந்து இப்போது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த மக்கள் வாழும் பைன் ரிட்ஜ் பகுதி அமெரிக்காவின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் ஒன்று. வழக்கில் ஜெயித்தும் ஏன் வாங்கவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்வெட்டு எழுதியது:

நண்பரே, உங்கள் அப்பா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. இது முழுக்க முழுக்க ஒரு பத்திரத்தின் கதை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1866 முதல் 1868 வரை இன்றைய வயோமிங், மொன்டானா பக்கம் ஒரு போர் நடந்தது. தங்கம் தேடிப் போகிறவர்களுக்காகப் போஸ்மன் தடம் என்ற பாதையும் அதைக் காக்க மூன்று கோட்டைகளும் லகோட்டாக்களின் வேட்டை நிலத்தின் நடுவே வந்தன. லகோட்டாக்களில் ஒரு பிரிவான ஒக்லாலாக்களின் தலைவர் ரெட் கிளவுட் (அவர்கள் மொழியில் மக்பியா லூத்தா) எதிர்த்து நின்றார். 1866 டிசம்பர் 21 அன்று ஃபெட்டர்மன் என்ற அதிகாரியோடு சேர்த்துக் கோட்டையிலிருந்து வெளியே வந்த 81 பேரும் மடிந்தார்கள். கடைசியில் அரசுதான் இறங்கி வந்தது. கோட்டைகளைக் காலி செய்தது, அவை எரிக்கப்பட்டன. அவை எரிந்த பிறகுதான் 1868 நவம்பரில் ரெட் கிளவுட் வந்து கையெழுத்துப் போட்டார். முதலில் கோட்டையை எடு, அப்புறம் பேசலாம் என்று நின்று காட்டிய மனிதர் அவர்.

அந்தக் கையெழுத்து விழுந்த காகிதம்தான் 1868 லாரமி கோட்டை ஒப்பந்தம். மிசௌரி ஆற்றுக்கு மேற்கே இன்றைய தெற்கு டகோட்டாவின் பாதி முழுவதும், கருங்குன்றுகள் உட்பட, லகோட்டாக்களுக்கு என்று அதில் எழுதப்பட்டது. லகோட்டா மொழியில் அந்தக் குன்றுகளின் பெயர் பஹா சாபா. 12ஆவது பிரிவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கு பேர் கையெழுத்திடாமல் இந்த நிலத்தில் எந்தப் பகுதியையும் யாரும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆறே வருடம். 1874இல் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரி ஏறக்குறைய ஆயிரம் பேரோடு குன்றுகளுக்குள் நுழைந்தார். தங்கம் இருப்பதாகச் செய்தி பரவியது. சுரங்கக்காரர்கள் குவிந்தார்கள். அவர்களைத் தடுப்பது ஒப்பந்தப்படி ராணுவத்தின் வேலை, அது ஒப்புக்குத்தான் நடந்தது. 1875இல் 60 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு குழு வந்தது. முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த உத்தரவு, வேட்டை நிலங்களில் இருப்பவர்கள் எல்லோரும் 1876 ஜனவரி 31க்குள் ஏஜென்சிக்கு (ரேஷன் கொடுக்கும் அரசு அலுவலகம்) வந்துவிட வேண்டும் என்பது. நடுப் பனிக்காலத்தில், குழந்தை குட்டிகளோடு, நூற்றுக்கணக்கான மைல். வராதவர்கள் எதிரிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள்.

ஜூன் 25 லிட்டில் பிக்ஹார்ன் போரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், கஸ்டரும் அவரோடு இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் செத்தார்கள். அந்த ஒரு மத்தியானத்தைப் பற்றியே எழுதி எழுதி மற்றதை எல்லாம் மறைத்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். முக்கியமானது அதன் பிறகு ஆகஸ்டில் நடந்தது. குன்றுகளைக் கொடுக்கும் வரை ரேஷனுக்குப் பணம் கிடையாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தது. எருமைக் கூட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. ஏஜென்சியில் கொடுக்கும் மாவையும் மாட்டிறைச்சியையும் நம்பி இருந்தவர்களிடம் போய், கையெழுத்து இல்லாவிட்டால் சோறு இல்லை என்றார்கள். அப்படியும் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? நான்கில் மூன்று பங்கு தேவைப்பட்ட இடத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டே 1877 பிப்ரவரி 28 அன்று சட்டம் போட்டு 73 லட்சம் ஏக்கரை எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை அவர் பதிவு செய்திருப்பாரா?

தென்றல்வாசி எழுதியது:

இப்போதுதான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "வில்லங்கம் இல்லாத இடமே இல்லை, ஆனா இது வில்லங்கம் இல்ல, அபகரிப்பு" என்றார்.

முகில் எழுதியது:

கல்வெட்டு ஐயா எழுதியது எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். லகோட்டாக்களே அந்தக் குன்றுகளுக்கு 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தார்கள். அதற்கு முன் மினசோட்டா பக்கம் இருந்தவர்கள். கையோவா, செயென், குரோ மக்களை அங்கிருந்து தள்ளிவிட்டுத்தான் இவர்கள் நிலைத்தார்கள். அப்படியென்றால் வெள்ளையர் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதை மறைத்துப் பேசினால் அது வரலாறு ஆகாது என்று நினைக்கிறேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கல்வெட்டு எழுதியது:

நல்ல கேள்வி, மறைக்கவும் கூடாது. லகோட்டாக்கள் சமவெளியில் பலம் பெற்றபோது மற்ற மக்கள் பாதிக்கப்பட்டார்கள். குரோக்களும் அரிக்கராக்களும் அமெரிக்க ராணுவத்துக்கு வழிகாட்டிகளாகப் போனதற்கு அதுதான் காரணம். அவர்களைத் துரோகிகள் என்று எழுதுகிறவர்களை நான் ஏற்க மாட்டேன், அவர்களுக்கு அவர்கள் நிலம் முக்கியம்.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, செயென்களோடு இருந்த பகை நட்பாக மாறி, 1876இல் அதே செயென்கள் லகோட்டாக்களின் பக்கத்தில் நின்று போரிட்டார்கள். மக்களுக்குள் சண்டையும் உறவும் மாறி மாறி வந்தன. யாரும் யாருடைய பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய் மொழியை மறக்கடிக்கப் பள்ளிக்கூடம் கட்டவில்லை. இரண்டு, அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது லகோட்டாக்களோடு. தான் எழுதிக் கொடுத்ததைத் தானே மீறிவிட்டு, உன் தாத்தா எப்போது வந்தார் என்று கேட்பது எந்த நீதியிலும் இல்லை. 1980இல் எட்டு நீதிபதிகள் ஒப்புக்கொண்டதும் இதைத்தான். மாறுபட்டவர் ஒருவர் மட்டுமே.

அவர்களுடைய மரபுக் கதையையும் சொல்ல வேண்டும். குன்றுகளின் தெற்கு ஓரத்தில் காற்றுக் குகை என்று ஒன்று இருக்கிறது, இப்போது தேசியப் பூங்கா. சிறிய துளை, அதன் வழியே காற்று உள்ளேயும் வெளியேயும் போய் வரும். பூமி மூச்சு விடுவது போல் இருக்கும். மனிதர்கள் அந்த வழியாகத்தான் பூமிக்கு மேலே வந்தார்கள் என்பது லகோட்டா நம்பிக்கை. இடப்பெயர்ச்சி வரலாறு ஒரு கணக்கு, இது வேறொரு கணக்கு. தாய் வயிற்றுக்கு விலை பேசு என்றால் யார் பேசுவார்கள்?

சிறுகுறிப்பு எழுதியது:

இடையில் ஒரு வேண்டுகோள். இந்த இழையில் இதுவரை யாரும் "செவ்விந்தியர்" என்று எழுதவில்லை, மகிழ்ச்சி. நம் பாடப்புத்தகங்களிலும் காமிக்ஸ்களிலும் அந்தச் சொல்தான் புழங்கியது. கொலம்பஸ் செய்த தவறையும் தோல் நிறத்தையும் ஒட்டவைத்து உண்டான சொல் அது. நானும் சிறுவயதில் அதைத்தான் படித்து வளர்ந்தேன். இறகுத் தொப்பி, கோடரி, "ஊ ஊ" என்ற கூச்சல். அவர்களுக்குப் பேரன் பேத்தி இருப்பார்கள், வழக்குப் போடுவார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இவர்களுக்கு வழங்கும் "சூ" (Sioux) என்ற பெயரும் அவர்கள் வைத்துக்கொண்டது இல்லை. அண்டை மக்களான ஒஜிப்வேக்களின் சொல் ஒன்றை பிரெஞ்சுக்காரர்கள் சிதைத்துச் சுருக்கியது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஒச்சேத்தி ஷாகோவின், அதாவது ஏழு சபை நெருப்புகள். அதில் மேற்கே இருப்பவர்கள் லகோட்டா, கிழக்கே டகோட்டா. லகோட்டாக்களுக்குள்ளும் ஒக்லாலா, சிச்சாங்கு, ஹுங்க்பாபா, மினிகொன்ஜு என்று ஏழு பிரிவு. முடிந்தவரை அந்தந்தப் பெயரையே எழுதுவோம். பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் "அமெரிக்கப் பூர்வகுடிகள்" போதும்.

முகில் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். நான் "காமிக்ஸ்" தலைமுறைதான். குரோக்களைப் பற்றிக் கல்வெட்டு ஐயா சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. ஆனால் பணக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. தீர்ப்பு சாதகம் என்றால் ஏன் வாங்கக் கூடாது?

கல்வெட்டு எழுதியது:

சரி, அதற்கு வருகிறேன்.

வழக்கு 1923இல் தொடங்கியது. 1942இல் தள்ளுபடி ஆனது. பிறகு வேறு ஆணையம், வேறு நீதிமன்றம் என்று சுற்றி, 1980 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 57 வருடம். தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடிவைப் பார்த்திருப்பார்கள்! இதைவிட அப்பட்டமான நாணயக்கேடு நம் வரலாற்றிலேயே அகப்படாது என்ற பொருளில் கீழ் நீதிமன்றம் 1975இல் எழுதியதை உச்ச நீதிமன்றமும் தன் தீர்ப்பில் எடுத்துச் சொன்னது.

ஆனால் அந்த வழக்கின் அமைப்பே பணத்துக்கானது. நிலத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் அந்த நீதிமன்றங்களுக்குக் கிடையாது. 1877இல் நிலத்தின் மதிப்பு 1 கோடியே 71 லட்சம் டாலர் என்று வைத்தார்கள். அரசு அதைப் பறித்தது, ஆகவே அரசியல் சட்டப்படி 1877லிருந்து ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டி உண்டு என்றார்கள். மொத்தம் 10 கோடி டாலருக்குச் சற்று மேல். வழக்கறிஞர்களுக்குக் கட்டணமாக 1 கோடியே 6 லட்சம் டாலர் போனது. மக்கள் வாங்க மறுத்தார்கள். ஒக்லாலாக்கள் நிலத்தையே கேட்டுத் தனியாக வழக்குப் போட்டார்கள், அதை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. பணம் கருவூலத்தில் கிடந்து வளர்கிறது.

வாங்கினால் என்ன ஆகும்? வாங்கிய அன்றைக்கு அது விற்பனை ஆகிவிடும். 1877இல் நடந்தது திருட்டு என்று இருப்பது, தாமதமாகக் காசு வந்த கிரயம் என்று ஆகிவிடும். அதனால்தான் அந்த அம்மா அப்படிச் சொன்னார். லீட் என்ற ஊரில் ஹோம்ஸ்டேக் சுரங்கம் மட்டுமே 2002 வரை ஏறக்குறைய 4 கோடி அவுன்ஸ் தங்கம் எடுத்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவர்கள் கேட்பது குன்றுகளில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களை விரட்டுவதை அல்ல. 1985இல் செனட்டர் பில் பிராட்லி ஒரு மசோதா கொண்டுவந்தார். அரசின் கையில் உள்ள ஏறக்குறைய 13 லட்சம் ஏக்கரை மட்டும் திருப்பிக் கொடுப்பது, தனியார் நிலத்தையும் ரஷ்மோரையும் தொடாமல் விடுவது. அதுகூட நிறைவேறவில்லை.

மேகலை72 எழுதியது:

கல்வெட்டு அண்ணா, இதை எதிர்த்து ஒன்று சொல்லலாமா? பணம் வேண்டும் என்று சொல்லும் லகோட்டாக்களும் இருக்கிறார்கள். வீட்டில் குழாயில் தண்ணீர் வராத, குளிர்காலத்தில் விறகுக்கு அலைகிற ஒரு பாட்டியிடம் கொள்கை பேசுவது நமக்கு எளிது. நாம் தூரத்தில் உட்கார்ந்து "அவர்கள் விற்கவில்லை, என்ன பெருமை" என்று புல்லரிக்கிறோமோ என்ற பயம் எனக்கு உண்டு.

கல்வெட்டு எழுதியது:

தங்கச்சி, இந்தப் பயம் எனக்கும் வேண்டும். கருத்து வேறுபாடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஒரு பழைய கார் வாங்கும் காசுதான் வரும், அடுத்த வருடம் காரும் இருக்காது, கேள்வியும் இருக்காது என்று அவர்களே சொல்கிறார்கள். வறுமையைக் காட்டி நிலத்தை வாங்கும் உத்தியை அவர்கள் முதல் முறை பார்க்கவில்லை. 1876இல் ரேஷனை நிறுத்தியதும் அதே உத்திதான்.

அதோடு, அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. குன்றுகளின் நடுவே பெ ஸ்லா என்ற புல்வெளி ஏலத்துக்கு வந்தபோது, 2012இல் பல ரிசர்வேஷன்கள் (பூர்வகுடிகளுக்கு என்று ஒதுக்கிய பகுதிகள்) சேர்ந்து 90 லட்சம் டாலர் திரட்டி வாங்கின. அவர்களுடைய இடத்தையே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. ஆனாலும் வாங்கினார்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

நான் வடக்கு டகோட்டாவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். நிலத்தைப் பேசும்போது தண்ணீரை விட்டுவிட வேண்டாம்.

1944இல் மிசௌரி ஆற்றில் வெள்ளத் தடுப்பு என்று அணைகளுக்குத் திட்டம் போட்டார்கள். ஓவாஹி அணை கட்டியபோது ஸ்டாண்டிங் ராக், செயென் ரிவர் இரண்டு ரிசர்வேஷன்களிலும் சேர்த்து ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் மூழ்கியது. வெறும் காடாக இருந்தால்கூடப் பரவாயில்லை. ஆற்றோரத்து வண்டல் நிலம், விறகுக்கான மரங்கள், மூலிகை, காட்டுப் பழங்கள், வீடுகள், எல்லாம் அங்கேதான் இருந்தன. மேட்டில் காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது.

2016இல் வந்த டகோட்டா ஆக்சஸ் எண்ணெய்க் குழாய் அதே ஓவாஹி அணையின் ஏரிக்கு அடியில்தான் போகிறது. முதலில் மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கின் வடக்கே ஒரு வழியையும் பார்த்தார்கள். அதைக் கைவிட்டதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று நகரத்தின் குடிநீர். ஸ்டாண்டிங் ராக் மக்களுக்கும் அது குடிநீர்தானே? "ம்னி விச்சோனி", தண்ணீரே உயிர் என்று முழங்கியது அதனால்தான்.

ஏப்ரலில் முதல் எதிர்ப்பு முகாமைத் தன் நிலத்தில் தொடங்கியவர் லடோனா பிரேவ் புல் அல்லார்ட். செப்டம்பர் 3 அன்று காவல் நாய்களை மக்கள் மேல் விட்டார்கள். 1863இல் அதே செப்டம்பர் 3 அன்றுதான் ஒயிட்ஸ்டோன் ஹில் படுகொலை நடந்தது. அதில் தப்பிய ஒரு சிறுமியின் வழிவந்தவர் லடோனா. நவம்பரில் உறைபனிக் குளிரில் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். டிசம்பர் 4 அன்று அனுமதி மறுக்கப்பட்டது, ஆட்சி மாறியது, 2017 ஜூனில் எண்ணெய் ஓடத் தொடங்கிவிட்டது. லடோனா 2021இல் காலமானார். தோற்றுவிட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் குளிரில் பல நூறு பூர்வகுடிகளின் கொடிகள் ஒரே பாதையில் வரிசையாகப் பறந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பழையஓலை எழுதியது:

எனக்கு இந்த வரலாற்றில் தாங்க முடியாத பகுதி பள்ளிக்கூடங்கள். 1879இல் பென்சில்வேனியாவில் ராணுவக் குடியிருப்பு ஒன்றில் கார்லைல் பள்ளியைத் தொடங்கினார்கள். முதல் மாணவர்கள் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் ரிசர்வேஷன் பிள்ளைகள். கூந்தலை வெட்டினார்கள், உடையை மாற்றினார்கள், லகோட்டா பேசத் தடை. லகோட்டாக்களிடம் கூந்தலை வெட்டுவது துக்கத்துக்குத்தான். எனக்கு யார் செத்தார்கள் என்று ஒரு பிள்ளை நினைத்திருக்காதா?

லூதர் ஸ்டாண்டிங் பேர் என்பவர் அந்த முதல் கூட்டத்தில் வந்தவர். கரும்பலகையில் எழுதியிருந்தவற்றுக்கு என்ன பொருள் என்றே தெரியாமல் குச்சியால் ஒன்றைத் தொடச் சொன்னார்கள், அதுவே அவருக்குப் பெயரானது.

180க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். 2015இல் ரோஸ்பட் இளையோர் சிலர் வாஷிங்டன் போய்த் திரும்பும்போது அந்தக் கல்லறைகளைப் பார்த்தார்கள். ஏன் இவர்களை வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று கேட்டார்கள். பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போராடி, 2021 ஜூலையில் ஒன்பது பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். 140 வருடம் கழித்து.

தென்றல்வாசி எழுதியது:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. எல்லோருக்கும் நன்றி. குன்றுகளில் மிக உயரமான சிகரத்தின் பெயர் பிளாக் எல்க் சிகரம் என்று வழிகாட்டிப் பலகையில் பார்த்தேன். அது பழைய பெயரா, புதியதா?

சிறுகுறிப்பு எழுதியது:

2016இல் வைத்தது. பிளாக் எல்க் ஒக்லாலா புனிதர், வைத்தியர். அதற்கு முன் அது ஹார்னி சிகரம். ஹார்னி யார் என்பதைச் சொல்ல ஒரு பசுமாட்டிலிருந்து தொடங்க வேண்டும். 1854 ஆகஸ்டில் லாரமி கோட்டை பக்கம் வழிதவறிய பசு ஒன்றை ஒரு மினிகொன்ஜு கொன்றுவிட்டார். தலைவர் கான்கரிங் பேர் ஈடு தர முன்வந்தார். கிராட்டன் என்ற இளம் அதிகாரி கேட்காமல் 29 வீரர்களோடும் பீரங்கியோடும் ஊருக்குள் போய்ச் சுட, தலைவர் செத்தார், பதிலுக்கு அவர்களும் செத்தார்கள். அதற்குப் பழிவாங்க 1855 செப்டம்பரில் புளூ வாட்டர் ஓடையில் ஜெனரல் ஹார்னியின் படை பெண்கள் குழந்தைகள் உட்பட 86 பேரைக் கொன்றது. அந்த மனிதரின் பெயரைத்தான் அவர்களுடைய புனிதக் குன்றின் உச்சியில் வைத்திருந்தார்கள், ஒன்றரை நூற்றாண்டு.

தென்றல்வாசி எழுதியது:

அக்டோபரில் மறுபடி அந்தப் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன், இந்த முறை வூண்டட் நீ போக வேண்டும் என்று அப்பா சொல்கிறார். யாராவது போயிருக்கிறீர்களா?

வழிப்போக்கன் எழுதியது:

போயிருக்கிறேன். ரேபிட் சிட்டியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போகும் முன் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

1890இல் ஆவி நடனம் என்ற வழிபாடு பரவியது. நெவாடாவில் வோவோக்கா என்ற பையூட் ஞானியிடமிருந்து வந்தது. இறந்தவர்கள் திரும்புவார்கள், எருமைகள் திரும்பும் என்று ஆடினார்கள். முந்தின வருடம்தான் பெரிய ரிசர்வேஷனைத் துண்டு துண்டாக்கி மீதியை எடுத்துக்கொண்டிருந்தார்கள், பசி வேறு. அதிகாரிகள் நடனத்தைக் கலகம் என்று பயந்து படையை வரவழைத்தார்கள். டிசம்பர் 15 அன்று லகோட்டா தலைவர் சிட்டிங் புல்லைக் கைது செய்யப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள். மினிகொன்ஜு தலைவர் ஸ்பாட்டட் எல்க் நிமோனியாவோடு தன் மக்களைக் கூட்டிக்கொண்டு பைன் ரிட்ஜ் நோக்கி நடந்தார். வழியில் மறித்து வூண்டட் நீ ஓடைக்கரையில் தங்கவைத்தார்கள். டிசம்பர் 29 காலை, ஆயுதங்களைப் பறிக்கும்போது ஒரு துப்பாக்கி வெடித்தது. மேட்டில் நிறுத்தியிருந்த நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகள் கூடாரங்களின் மேல் சுட்டன. செத்தவர்கள் இருநூற்றுக்கும் மேல் என்பது பலர் சொல்லும் கணக்கு. ஓடிய பெண்களையும் பிள்ளைகளையும் துரத்திச் சுட்டிருக்கிறார்கள். பனிப்புயல் ஓய்ந்த பிறகு வந்து 146 உடல்களை ஒரே குழியில் போட்டார்கள். சுட்ட வீரர்களில் ஏறக்குறைய 20 பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது.

பீரங்கிகள் நின்ற அந்த மேட்டிலேயே குழி இருக்கிறது. கம்பி வேலி, துணித் துண்டுகள் கட்டியிருப்பார்கள், 1903இல் உறவினர்கள் நட்ட கல்தூண். கீழே சாலையோரத்தில் ஒரு பெரிய பலகை உண்டு. அதில் "போர்" என்று இருந்த சொல்லின் மேல் "படுகொலை" என்று எழுதிய மரப்பலகையை வைத்து அறைந்திருந்தார்கள். நான் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். 1973இல் பூர்வகுடிப் போராட்டக்காரர்கள் ஊரைக் கைப்பற்றி 71 நாள் முற்றுகை நடந்ததும் இதே இடத்தில்தான். தனியார் கையில் இருந்த 40 ஏக்கரை 2022இல் ஒக்லாலாக்களும் செயென் ரிவர் மக்களும் சேர்ந்து 5 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

கல்லறைக்குள் படம் எடுக்காதீர்கள். கட்டியிருக்கும் துணிகளைத் தொடாதீர்கள். அங்கே இப்போதும் உள்ளூர்க்காரர்களைப் புதைக்கிறார்கள், ஆகவே யாராவது வந்து நின்றால் நகர்ந்து இடம் கொடுங்கள். கீழே மேசை போட்டுக் கைவினைப் பொருள் விற்பவர்கள் இருப்பார்கள், பலர் அந்த ஊர்க் குடும்பங்கள். வாங்குவதாக இருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள், சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள். கழிப்பறை, சாப்பாடு எதுவும் பக்கத்தில் கிடைக்காது, அம்மா அப்பாவோடு போவதால் பைன் ரிட்ஜ் ஊரிலேயே நிறுத்திவிட்டுப் போங்கள்.

தென்றல்வாசி எழுதியது:

குறித்துக்கொண்டேன். அந்த மணிமாலை அம்மா அதே இடத்தில் இருந்தால் அவரிடமும் நிற்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். 12ஆவது பிரிவு அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.